அறுபத்து நான்காவது தட்டு

மில் வாசலில் நான் ஆட்டோவை விட்டு இறங்கியபோது மணி பதினொன்றே முக்கால். சித்திரை வெயில். கரூர் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, சோளம் அறுத்த காடுகளுக்கு நடுவே, அந்த நூல் மில் பதினோரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. சொத்து வழக்கில் இருப்பதால் சாவி கோர்ட் நியமித்த அதிகாரியின் பொறுப்பில் இருந்தது. அவர் கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காவலாளி வேலுசாமி இரண்டு தடவை படித்தார்.

"ஹாஸ்டல் கட்டடத்தையா பாக்கணும்?"

"ஆமாண்ணே. பழைய ரிஜிஸ்டர் எல்லாம் அங்கதான் இருக்காம்."

"இருக்கு. கரையான் தின்னது போக இருக்கு. நீங்க போயிப் பாத்துட்டு வாங்க தாயி. நான் இங்கன மரத்தடியில நிக்கிறேன்."

"நீங்க வரலையா?"

"உச்சி நேரத்துல நான் அந்தப் பக்கம் போறதில்ல."

ஏன் என்று கேட்டேன். அவர் சாவிக்கொத்தை நீட்டினார்.

என் பெயர் அன்புக்கரசி. திண்டுக்கல்லில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். அப்படி வந்தவர்தான் சிவனம்மாள். பாலசமுத்திரம் பக்கம் கத்தரியும் தக்காளியும் போடுகிற குடும்பம். அவருடைய ஒரே மகள் சண்முகவள்ளி, 2008-இல் பதினாறு வயதில் இந்த மில்லுக்கு வேலைக்கு வந்தாள். ஹாஸ்டலில் தங்கினாள். ஒரு வருடம் முடிவதற்குள் மில்லிலிருந்து ஆள் வந்து, "உங்க பொண்ணு ஓடிப்போயிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து பதினாறு வருடமாக அந்த அம்மா மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்க அம்மிணி, ஓடிப்போயிருந்தா போவுட்டுமுங்க. எந்த ஊருக்குப் போனாளாம்னு ஒரு கடுதாசியில எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நான் வேறொண்ணும் கேக்கலீங்க."

தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். அந்த வருடம் மில்லில் அரசு அதிகாரிகள் நடத்திய ஆய்வு அறிக்கையின் நகல் நான்கு பக்கம் வந்தது. வரிக்கு வரி கறுப்பு மை. மூன்றாம் நபர் பற்றிய தகவல் என்று ஓரத்தில் ஒரு முத்திரை.

மனு எழுத நான் போனில் ஏஐ பயன்படுத்துகிறவள். அதற்கு ஒரு வேடம் கொடுத்திருந்தேன். ஆவணக் காப்பறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதிகாரி நீ. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும். யூகத்தை யூகம் என்று சொல்லவேண்டும். ஆதாரம் இல்லாமல் ஒருவர் மேல் பழி போட எனக்கு உதவக்கூடாது. நான் ஆத்திரப்பட்டால் தடுக்கவேண்டும். இதுதான் நான் எழுதிக் கொடுத்தது. 'ரெக்கார்டு சார்' என்று கூப்பிடுவேன். கறுப்பு அடித்த பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பி, அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"என்னால் சொல்ல முடியாது. சொன்னால் அது என் கற்பனையாக இருக்கும்" என்று பதில் வந்தது. "ஆனால் ஒரு தகவலை ஓரிடத்தில் அழித்தவர்கள் எல்லா இடத்திலும் அழித்து முடிப்பது அரிது. அந்தப் பெண் அங்கே இருந்திருந்தால் தூங்கியிருப்பாள், சாப்பிட்டிருப்பாள், வாசலைத் தாண்டியிருப்பாள். அந்தப் பதிவேடுகளைத் தேடிப் பாருங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். பூட்டை உடைத்து எடுக்கும் தாள் யாருக்கும் உதவாது."

அனுமதி வாங்க மூன்று மாதம் ஆயிற்று. இதோ வந்துவிட்டேன்.

ஹாஸ்டல் நீளமான கட்டடம். கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதியது புழுக்கமும் எலிப்புழுக்கை நாற்றமும். அதற்குள்ளே இன்னொரு வாசனையும் இருந்தது. தலைக்குப் புதிதாகத் தடவிய தேங்காய் எண்ணெய். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள் துருப்பிடித்து வரிசையாகக் கிடந்தன. கோடியில் இருந்த சாமான் அறையில்தான் ரிஜிஸ்டர்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன்.

2009 மார்ச் மாத வருகைப் பதிவேட்டில் ஒரு தாள் இல்லை. வேகமாகக் கிழித்திருக்கிறார்கள், தையல் ஓரத்தில் பல் பல்லாகக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. மெஸ் பதிவேட்டில் மார்ச் 11 இரவு அறுபத்து நான்கு தட்டு. 12 காலை அறுபத்து மூன்று. அதற்குப் பிறகு எந்த நாளும் அறுபத்து நான்கு இல்லை. வாசல் பதிவேட்டை எடுத்தேன். 11, 12 இரண்டு நாளும் எந்தப் பெண்ணும் வெளியே போகவில்லை.

ஓடிப்போனாள் என்றால் எந்த வாசல் வழியாக?

எல்லாவற்றையும் படம் எடுத்தேன். ஹாஸ்டல் அறைப் பட்டியலையும் எடுத்தேன். அதில் அறுபத்து மூன்று பெயர்கள் இருந்தன. ரெக்கார்டு சாருக்கு அனுப்பினேன். சிக்னல் வந்து வந்து போனது. பதிலுக்காகக் காத்திருந்தபோதுதான் அது கேட்டது.

மெஷின் ஓடும் சத்தம்.

தூரத்தில், மில் கட்டடத்திலிருந்து. நூல் சுற்றும் நூறு கதிர்கள் சேர்ந்து சுழலும் இரைச்சல். தரை என் உள்ளங்காலில் அதிர்ந்தது. அந்த வளாகத்தில் மின்சாரம் துண்டித்துப் பதினோரு வருடம்.

போனில் பதில் வந்திருந்தது. தட்டுக் கணக்கைப் பற்றி நான் நினைத்ததையேதான் அதுவும் சொல்லியிருந்தது. கடைசியில் ஒரு வரி: "வாசல் பதிவேட்டின் அடியில் 'சண்முகவள்ளி, வெளியே போகவில்லை' என்று ஒரு பதிவு இருக்கிறது."

நான் தாளைப் பார்த்தேன். அடியில் ஒன்றும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்படி ஒரு வரியே இல்லை என்று எழுதினேன்.

"அப்படியானால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தைப் படிப்பதில் நான் பிழை செய்திருக்கலாம். கையில் இருக்கும் தாள்தான் முக்கியம்."

"இங்கே மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது."

"அது எதனால் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். படம் எடுத்துவிட்டீர்கள். பதிவேடு எங்கும் போகாது."

நான் எழுந்தேன். என்ன நினைத்தேனோ, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

"சண்முகவள்ளி."

சத்தம் நின்றது.

கட்டில் ஒன்று கிரீச்சிட்டது. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தால் வருகிற சத்தம்.

நான் ஓடவில்லை. ஓடினால் பின்னால் வரும் என்று தோன்றியது. கட்டில் வரிசைக்கு நடுவே, எந்தப் பக்கமும் திரும்பாமல், ஒவ்வோர் அடியாக நடந்து வெளியே வந்து பூட்டினேன். மரத்தடியில் வேலுசாமி என்னைப் பார்த்ததும் இரண்டு எட்டு பின்னால் போனார்.

"தாயி, தலையில."

தொட்டுப் பார்த்தேன். பஞ்சு. அப்போதுதான் அடித்தது போல வெள்ளை வெளேரென்று, என் தலைமுடி முழுக்க.

*

மெஸ் பதிவேட்டில் அந்த மாதம் கையெழுத்துப் போட்டிருந்த பெண்ணை நான் இங்கே அல்போன்சா என்கிறேன், அவளுடைய சொந்தப் பெயர் அது இல்லை. அவளை நான் சின்னாளப்பட்டியில் ஒரு சேலைக்கடையில் கண்டுபிடித்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். கடையின் பின்னறையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சண்முகவள்ளியின் பெயரைச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ராத்திரி ஷிப்ட்க்கா. அவளுக்கு இடுப்பு வரைக்கும் சடை. மெஷின் இழுத்துருச்சு. விடியக்காலம் ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டு வந்தாக. தலையச் சுத்தித் துண்டு கட்டியிருந்தாக, அம்புட்டும் ரத்தம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு அழுதோம். பதினாறு வயசுப் புள்ளைய ராத்திரி வேலைக்கு வச்சது வெளிய தெரிஞ்சா மில்ல மூடிருவாகன்னு மேலாளர் விடல."

அந்த ஆளை நான் இங்கே மேலாளர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். பெயர் சொல்ல விருப்பமில்லாமல் இல்லை.

"உசிரு எப்பப் போச்சு?"

"அன்னிக்கு உச்சிக்கு. தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. கிட்டப் போகக்கூடாதுன்னு கதவுல ஆள நிறுத்திட்டாக. நான் ஜன்னல் வழியா கைய விட்டு, துணிய நனைச்சு அவ வாயில புழிஞ்சேன். அம்புட்டுத்தான்க்கா என்னால ஆனது."

சாயங்காலம் எல்லாப் பெண்களையும் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். மேலாளர் வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து, அவர்கள் கண் முன்னால் அந்தத் தாளைக் கிழித்திருக்கிறார்.

"சண்முகவள்ளின்னு இங்க எவளும் இருந்ததில்ல, சொல்லுங்கன்னாரு. சொன்னோம். சத்தம் பத்தலன்னாரு. மூணு தடவ சொல்ல வச்சாரு. அறுபத்து மூணு பேரும் சொன்னோம்க்கா. 'இருந்ததில்ல'ன்னு."

"அவளை எங்க வச்சாங்க?"

"கழிவுப் பஞ்சுக் குடோனுக்குப் பின்னால." அவள் என் கையைப் பிடித்தாள். "என் பேரை மட்டும் எழுதாதீகக்கா. என் வீட்டுக்காரரு அந்த மேலாளரோட சொந்தக்காரக கிட்டத்தான் லாரி ஓட்டுறாரு. ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு."

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். தொண்டை காய்ந்திருந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்தேன்.

காலியாக இருந்தது.

நான் குடிக்கவில்லை. அவளும் குடிக்கவில்லை.

*

கடைக்குத் திரும்பியதும் மேலாளரின் பெயரையும் படத்தையும் போட்டு நடந்ததை எழுதினேன். ஊரில் இருக்கிற அத்தனை வாட்ஸப் குழுவிலும் அப்போதே அனுப்பவேண்டும் என்று கை துடித்தது. ரெக்கார்டு சாரிடம் கொடுத்து, இன்னும் காரமாக மாற்றித் தரச் சொன்னேன்.

"மாற்றித் தரமாட்டேன்" என்றது அது. "உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இப்போது உங்களிடம் இருப்பது தட்டுக் கணக்கும் ஒரு சாட்சியும். இதை ஊருக்குள் விட்டால் முதலில் மாட்டுவது அந்தச் சாட்சி. அவர் பெயரை மறைத்து, மறைத்திருக்கிறோம் என்று குறிப்பும் எழுதி, தாயோடும் ஒரு வக்கீலோடும் போலீஸில் புகார் கொடுங்கள். ஊருக்கு எழுதுவதாக இருந்தால் அதற்கு முன் குற்றம் சாட்டப்படுகிறவரிடம் அவருடைய பதிலைக் கேட்கவேண்டும். யாராக இருந்தாலும் அது அவருக்கு உரியது."

"அவரா? பதிலா?"

"அவர் உண்மையைச் சொல்லவும் வாய்ப்பு உண்டு. எழுத்தில் கேளுங்கள். நேரில் போவதாக இருந்தால் தனியாகப் போகாதீர்கள்."

எழுத்தில் கேட்டேன். பதில் இல்லை. பதினைந்தாம் நாள், நேரில் போவது என்று முடிவு செய்தேன். வக்கீலுக்கு அன்று வேறு வழக்கு. தனியாகத்தான் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் இலவசச் சீட்டு இரண்டைக் கிழித்து நீட்டினார்.

"ஒண்ணு போதும்ண்ணே."

"அப்ப அந்தப் பாப்பாவுக்கு?" என்றார். என் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு நகர்ந்துபோனார்.

அந்த இருக்கையிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது.

நான் இறங்கவேண்டிய இடம் வரும் வரைக்கும் நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மேலாளரின் வீடு மலைக்கோட்டை தெரிகிற புதிய குடியிருப்பில் இருந்தது. இரண்டு மாடி. வாசலில் கறுப்புக் கிரானைட்டில் பொன் எழுத்தில் அவர் பெயர். அவருடைய மனைவி புவனேஸ்வரி அம்மாள் கதவைத் திறந்தார். நல்ல மனுஷி. வெயிலில் வந்திருக்கிறாயே என்று உட்காரச் சொல்லி, காபி போட உள்ளே போனார். மேலாளர் வெள்ளை வேட்டியோடு ஹாலுக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவர் நிறையச் சங்கத்துப் பாராட்டுப் பத்திரங்கள். நடுவில் கல்யாணப் படம்.

"நீதான் லெட்டர் போட்டியாம்மா? என்ன வேணும் ஒனக்கு?"

"நான் எழுதின புகாரை வாசிக்கிறேன் சார். உங்க தரப்பு என்னன்னு சொன்னா அதையும் அப்படியே எழுதிக்கிறேன்."

வாசித்தேன். சண்முகவள்ளி என்ற பெயர் வந்த இடத்தில் மின்விசிறியின் வேகம் குறைந்தது. மேலாளர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எழுதிக்க. அப்படி ஒரு பொண்ணு அங்க இருந்ததே இல்ல."

மின்விசிறி நின்றது.

ஹால் முழுக்க மெல்ல ஓர் இரைச்சல் எழுந்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். கதிர்கள் சுழலும் சத்தம். மேலாளருக்கும் தெரிந்திருந்தது, அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. கூரையிலிருந்து ஒரு துணுக்குப் பஞ்சு ஆடி ஆடி இறங்கி அவர் மடியில் விழுந்தது.

என் தோளுக்குப் பின்னால், காய்ந்த தொண்டையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"உங்க பேரு என்னங்க?"

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். பதில் சொல்லவேண்டாம் என்று நான் கத்தியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. இன்று வரைக்கும் அதை நினைத்துப் பார்க்கிறேன்.

அவர் தன் பெயரைச் சொன்னார்.

"இருந்ததில்ல."

நாலாபுறமிருந்தும் வந்தது அந்தக் குரல். ஒரு ஆள் சொன்னது அல்ல. வரிசையில் நிற்கும் அறுபது சொச்சம் சின்னப் பெண்கள் அழுகையை அடக்கிக்கொண்டு சேர்ந்து சொல்கிற குரல்.

"சத்தம் பத்தலீங்க" என்றது பின்னால் இருந்த குரல். "உங்க பேரு என்னங்க?"

அவர் எழுந்து நின்று கத்தினார். அப்பா பெயரோடு, ஊர்ப் பெயரோடு கத்தினார்.

"இருந்ததில்ல."

மூன்றாவது தடவை கேட்டபோது அவர் வாய் திறந்தது. நாக்கு அசைந்தது. பெயர் வரவில்லை. தொலைத்த பொருளைத் தேடுகிறவர் போலச் சட்டைப்பையைத் தடவினார்.

"இருந்ததில்ல."

இரைச்சல் அடங்கியது. மின்விசிறி மறுபடி சுற்ற ஆரம்பித்தது. புவனேஸ்வரி அம்மாள் காபித் தட்டோடு வந்தார். என்னிடம் ஒரு டம்ளரை நீட்டினார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இவுக யாரும்மா? ஒங்ககூட வந்தவுகளா?"

"புவனா, நான்டி!"

தட்டு கீழே விழுந்தது. அந்த அம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "எம் பேரு இவருக்கு எப்படித் தெரியும்? யாருய்யா நீ? வீட்டுக்குள்ள எப்படி வந்த? வெளிய போ!"

நான் கல்யாணப் படத்தைப் பார்த்தேன். மாலையும் கழுத்துமாகப் பெண் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

வாசலுக்கு வந்தேன். கிரானைட் கல் வழவழவென்று கிடந்தது. அதில் ஓர் எழுத்தும் இல்லை.

*

பஸ் ஸ்டாப்பில் நின்று, கையில் இருந்த புகாரைப் பிரித்தேன். அவர் பெயர் இருந்த இடமெல்லாம் வெற்றிடம். என் நினைவிலும் இல்லை. அது எந்த எழுத்தில் தொடங்கும் என்பதுகூட. ரெக்கார்டு சாரிடம் கேட்டேன்.

"இந்த உரையாடலில் அப்படி ஒரு பெயர் எங்கும் இல்லை. மேலாளர் என்ற பதவி மட்டும் இருக்கிறது. எனக்குத் தெரியாத பெயரை நான் இட்டு நிரப்பமாட்டேன்."

"நானே பத்துத் தடவை டைப் செய்து அனுப்பினேனே!"

"நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. என்னிடம் அது இல்லை என்று மட்டும் சொல்கிறேன்."

மறுநாள் போலீஸுக்குக் கொடுக்கப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். சாட்சி வாக்குமூலத்தில் அல்போன்சாவின் பெயர் மேல் கெட்டியாகக் கறுப்பு மை தடவியிருந்தேன். மிஷினிலிருந்து வந்த முதல் பிரதியில் கறுப்பு இல்லை. அவளுடைய சொந்தப் பெயர் பளிச்சென்று இருந்தது. இன்னொன்று எடுத்தேன். அதிலும் அப்படியே. மூலத்தைப் பார்த்தேன், மை அங்கேயே இருந்தது. பத்துப் பிரதி எடுத்தேன். பத்திலும் அவள் பெயர். பத்தாவதின் அடியில் என் கையெழுத்தைக் காணோம்.

கடை போர்டைப் பார்க்க வெளியே ஓடினேன். அன்புக்கரசி ஜெராக்ஸ் என்று இருந்த இடத்தில் முதல் எழுத்து இல்லை.

மணி பன்னிரண்டு. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. உள்ளே எண்ணெய் வாசனை.

எனக்கு அப்போது புரிந்தது. தன் பெயரைக் கிழித்த நாளிலிருந்து, பெயரை மறைக்கிற கை எதையும் அவள் விடுவதாக இல்லை. போனில் எழுதினேன்: "நானும் ஒரு பெயரை மறைத்தேன். நானும் அந்த ஆளும் ஒன்றா?"

"இல்லை. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, ஒருத்தி இருந்ததையே இல்லாமல் ஆக்கினார். உயிரோடு இருக்கிற ஒருத்தி பயந்து கேட்டுக்கொண்டதால் நீங்கள் மறைத்தீர்கள். மறைத்ததை மறைக்கவும் இல்லை. அந்தப் பெண் தானே முன்வந்தால் அந்த மையை எடுக்கலாம். அவளைக் கேட்காமல் எடுக்கும் உரிமை வேறு யாருக்கும் இல்லை."

யாருக்கும் இல்லை. நான் போனைக் கீழே வைத்தேன். மிஷினுக்கு அந்தப் பக்கம், சுவரோரம், காற்று அடர்த்தியாக நின்றது.

"தாயி சண்முகவள்ளி" என்றேன். "ஜன்னல் வழியா ஒன் வாயில தண்ணி புழிஞ்ச கை அவளோடது. இந்தப் பேரு வெளிய போனா அவளையும் இல்லாம ஆக்கிருவாக. ரெண்டு புள்ளைக இருக்கு. அவளை விட்டுரு. ஒனக்கு யாரு பேராவது வேணும்னா என் பேர எடுத்துக்க."

மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. அது என் மூச்சு இல்லை.

மிஷின் தானாக ஓடி ஒரு தாளைத் தள்ளியது.

அதில் என் கையெழுத்து இருந்தது. அல்போன்சாவின் பெயர் இருந்த இடத்தில், ஈர விரலால் இழுத்துத் தடவிய ஒரு கறை. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

*

தாசில்தார் முன்னிலையில் குடோனுக்குப் பின்னால் தோண்டினார்கள். நாலடி ஆழத்தில் எலும்புகள் கிடைத்தன. மண்டையோட்டுக்குப் பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு சடை. பதினாறு வருடம் மண்ணில் கிடந்த முடி, அன்று காலை வாரிப் பின்னியது போல மினுமினுத்தது. சிவனம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு, நுனியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தார். அழவில்லை.

வழக்குப் பதிவானது. எதிரியின் பெயர் என்ற இடத்தில் எந்தப் பெயரையும் ஏற்ற முடியவில்லை. இன்ஸ்பெக்டர் மூன்று தடவை டைப் அடித்துப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் கோளாறு என்று எழுதினார். பஸ் ஸ்டாண்டில் திரிந்த பெயர் தெரியாத முதியவர் ஒருவரை அநாதை இல்லத்தில் சேர்த்திருப்பதாகப் பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வந்தது. போய்ப் பார்த்தேன். பார்க்க வருகிற ஒவ்வொருவர் சட்டையையும் பிடித்து, "எம் பேரு தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு மனசு ஆறவில்லை. அவரைக் கூண்டில் ஏற்றவேண்டும், நீதிபதி அவர் பெயரைச் சொல்லித் தண்டனை வாசிக்கவேண்டும் என்றுதான் நான் அலைந்தேன். பெயரில்லாத ஆள் மேல் எந்தக் கோர்ட் என்ன செய்யும்? சிவனம்மாளிடம் இதைச் சொன்னேன்.

"கோர்ட்டுன்னா அவனுக்கு வக்கீலு வருவானுங்க அம்மிணி" என்றார் அவர். "இப்ப ஆரு வருவா?"

அப்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்க விரும்புகிறேன்.

எலும்பைத் தகனம் செய்து சண்முக நதியில் கரைத்தோம். முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை வத்தலக்குண்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்கு அடியில் கறுத்திருந்தது.

"ஒரு மனு எழுதணும்க்கா."

"என்னன்னு?"

"சண்முகவள்ளின்னு ஒருத்தி எங்ககூட ஹாஸ்டல்ல இருந்தான்னு."

யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். அவள் தன் ஆதார் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். பெயரில் முதல் இரண்டு எழுத்து இல்லை.

"உச்சி நேரமானா காதுகிட்ட வந்து கேக்குறாக்கா. 'நான் இருந்தேனா'ன்னு. நேத்து எம் மகன் என்னைப் பாத்து ஒரு நிமிசம் முழிச்சான்க்கா, ஆளு தெரியாத மாதிரி."

எழுதினேன். கையெழுத்துப் போட்டாள். அட்டையில் எழுத்துகள் திரும்பி வந்தன. அவள் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தேம்பினாள்.

அதன் பிறகு வரிசையாக வருகிறார்கள். நத்தத்திலிருந்து, ஒட்டன்சத்திரத்திலிருந்து, திருப்பூரிலிருந்துகூட. அன்று வரிசையில் நின்று சொன்ன பெண்கள். அப்போது அவர்களும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்தான், பயத்தில் சொன்னவர்கள்தான். அதைக் கடையில் தனியாக இருக்கும்போது சுவரோரம் பார்த்துப் பல தடவை சொல்லிவிட்டேன். இதற்கு மட்டும் அங்கிருந்து ஒரு அசைவும் இல்லை.

அல்போன்சாவைத் தவிர்த்தால் அறுபத்திரண்டு பேர். இதுவரை நாற்பத்தொரு பேர் வந்துவிட்டார்கள். மற்றவர்களை ஹாஸ்டல் பட்டியலை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். ரெக்கார்டு சார் ஊர் ஊராகக் கடிதம் எழுதித் தருகிறது. கல்யாணமாகி, ஊர் மாறி, முகவரி மாறிப் போனவர்கள். சீக்கிரம் கிடைப்பதாக இல்லை.

இன்று காலை அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மூன்று வரிகள் வெறுமையாக இருந்தன.

எங்கோ மூன்று வீடுகளில், சமையலறையிலிருந்து சோற்றுத் தட்டோடு வந்தவளைப் பார்த்து, அவள் பெற்ற பிள்ளைகள் "நீங்க யாரு?" என்று கேட்டிருப்பார்கள்.